காலி வண்டியின் உயரம்

லோடு ஏறாத லாரி உயரமாக நிற்கும். சங்ககிரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மூட்டை ஏற ஏறப் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவரும். வில்லாக வளைந்திருந்த கமான் பட்டைகள் நிமிரும். கடைசி மூட்டை விழுந்ததும் அப்பா நாலடி தள்ளி நின்று டயரையும் பாடியையும் ஒரு பார்வை பார்ப்பார். "உக்காந்துருச்சு" என்பார். அந்தச் சொல்லில் ஒரு நிறைவு இருக்கும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது அதே வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளும். உள்ளே இருப்பவருக்குக் குடல் குலுங்கும். பத்து டன்னைத் தாங்கக் கட்டிய பட்டைக்கு ஒன்றுமில்லாததைத் தாங்கத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் சான் ஹொசே நகரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். மெக்சிகோ வம்சாவளி. அவர் தன்னுடைய 1951ஆம் வருட செவர்லே 3100 பிக்கப்பைத் தாழ்த்தப்போகிறேன் என்று சொன்னபோது அப்பாவின் அந்தச் சொல்தான் காதில் விழுந்தது. லோடே இல்லாமல் ஒரு வண்டியை உட்காரவைக்கப் போகிறார்.

வண்டி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 1947 கோடையில் தொடங்கி 1955 வசந்தம்வரை செவர்லே செய்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையில் வந்தது. உருண்ட தோள்கள், முகத்தில் ஐந்து கிடைக்கம்பிகள், கதவோரத்தில் அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்த முக்கோணச் சிறு ஜன்னல். ஆறு சிலிண்டர், 216 கன அங்குல எஞ்சின், 92 குதிரைசக்தி. பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பின்தளம் மரப்பலகை, பலகைகளுக்கு நடுவே நீளவாக்கில் இரும்புப் பட்டி. அந்தப் பலகைகளில் கையை வைத்துத் தடவினால் குறுக்கே ஓடும் தழும்புகள் தட்டுப்படும். அவருடைய அப்பா ஆப்ரிகாட் பெட்டிகளை இழுத்து இழுத்து ஏற்றிய தடம். இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கிற இந்தச் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு அன்றைக்குப் பழத்தோட்டம். மெக்சிகோவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வந்த குடும்பங்கள் தோட்டங்களில் பழம் பறித்தன, டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் பழம் வெட்டின. பெரியவர் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே இந்த வண்டியில்தானாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"பட்டையக் கழட்டி வண்டிய இறக்கப்போறாருங்கப்பா."

"எத்தன பட்டை?"

"பின்னால மூணு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்பறம் லோடு எப்பிடிச் சாமி ஏத்துவாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. லோடு ஏற்றப்போவதில்லை என்பது ஒரு பதில்தான். ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. லோடு ஏற்றாத லாரி என்பது அவர் அகராதியில் பழுதான லாரி.

அப்பாவின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அடுத்த நான்கு மாதம் பெரியவரின் ஷெட்டில் போய் நின்றேன். ஜாக்கிக்கு முட்டுக்கொடுக்க, போல்ட்டைப் பிடிக்க, விளக்கைக் காட்ட ஒரு ஆள் வேண்டும் அவருக்கு. எனக்கு அந்த கிரீஸ் வாசம் வேண்டும்.

ஒரு பழைய பிக்கப்பைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவர வழிகள் பல உண்டு. லீஃப் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே போகும் வண்டியானால் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்து நீளமான யு போல்ட்டால் இறுக்கலாம். கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு வண்டி இறங்கும். பட்டை அச்சுக்கு மேலே போகும் வண்டியில் கட்டை வைத்தால் நேர்மாறாக உயர்ந்துவிடும். அங்கே அச்சைப் பட்டைக்கு மேலே ஏற்றவேண்டும். முன்பக்கம் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் 2 காரின் அமைப்பைப் பார்த்துச் செய்த கிராஸ்மெம்பரைப் பற்றவைப்பவர்கள் ஏராளம். காற்றுப்பை வைப்பவர்களும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி புஸ்ஸென்று தரையில் அமரும். பெரியவர் இந்த இரண்டையும் ஏற்கவில்லை. தன் அப்பா இந்த வண்டியைத் திரும்ப வந்து பார்த்தால் அடியில் படுத்து, எது எது என்னவென்று அவருக்குத் தெரியவேண்டும் என்றார். அவர் அப்பா போய் இருபது வருடம் ஆகிறது. அந்த நிபந்தனை எனக்குப் பிடித்துப்போனது.

அதனால் முன்னால் அதே மாதிரி ஒற்றை ஐ-பீம் அச்சுதான், ஆனால் இரண்டு முனைகளும் மேல்நோக்கி வளைக்கப்பட்டது. சக்கரம் மாட்டும் இடம் நான்கு அங்குலம் மேலே போய்விடுவதால் வண்டி நான்கு அங்குலம் கீழே வருகிறது, ஸ்பிரிங் தொடப்படுவதில்லை. பின்னால் பட்டை குறைப்பு. பட்டைக் கட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு கூட்டுக் குடும்பம். இரண்டு முனையிலும் கண் வைத்த தாய்ப்பட்டை மேலே, அதற்குக் கீழே போகப்போக நீளம் குறையும் பட்டைகள். வண்டி அசையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உரசும். அந்த உரசலே பாதி ஷாக் அப்சார்பர். நடு போல்ட்டை எடுத்ததும் அவை சட்டென்று விரிந்தன. எழுபது வருடத்துத் துருவும் மண்ணும் ஒரு கைப்பிடி உதிர்ந்தது. அந்த மண் எந்தத் தோட்டத்தினுடையது என்று பெரியவர் ஒரு நிமிடம் யோசித்ததைப் பார்த்தேன். பெருக்கித் தள்ளவில்லை, அன்று முழுக்க அது தரையிலேயே கிடந்தது.

மூன்று பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டியபோது வண்டி பின்னால் மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. முன்னால் நான்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட்டியபோது நேர்ரோட்டில் வண்டி தத்தளித்தது. ஸ்டியரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. காரணம் இதுதான்: சக்கரம் திரும்புகிற கிங்பின் மேல்முனை பின்னோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கவேண்டும். அந்தச் சாய்வே சக்கரத்தைத் தானாக நேர்வழிக்குத் திருப்புகிறது. மூக்கு ஒரு அங்குலம் கூடுதலாகத் தாழ்ந்தால், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள 116 அங்குல இடைவெளியில் அந்தச் சாய்வு அரை டிகிரி குறையும். அரை டிகிரி கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகி அதைச் சரிசெய்தார். ஆப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க இரண்டு நாள் ஆனது.

இப்படி ஒவ்வொன்றாக வந்தது. வண்டி இறங்கினால் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே இருந்த இடம் குறைகிறது; பெரிய பள்ளத்தில் அச்சு மேலே எழும்போது முட்டும். அதனால் சேஸியில் அச்சுக்கு நேர்மேலே அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்துக்குத் தடித்த இரும்பால் வலுவூட்டவேண்டும். பழைய நீளத்து ஷாக் அப்சார்பர் இப்போது பாதி மடங்கியே கிடக்கும், குட்டையானது வேண்டும். ஸ்டியரிங் கம்பியின் கோணம் கெட்டால் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். வண்டியின் உயரம் என்ற ஒரே ஒரு அளவைத் தொட்டதற்கு அடியில் இருக்கும் அத்தனையும் வந்து நியாயம் கேட்டன.

இதற்குள் எனக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. பிக்கப்பின் உயரத்தை வடிவமைத்தவர்கள் அழகுக்காக வைக்கவில்லை. அது நாளைக்கு ஏறப்போகும் பாரத்துக்காக இன்றைக்கே விட்டுவைத்த இடம். காலியாக நிற்கும்போதும் அந்த வண்டி வேலைக்குக் காத்து நிற்கிறது, கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் விடிகாலையில் நிற்பவரைப்போல. அதைத் தாழ்த்துவது அந்தக் காத்திருப்பை முடித்துவைப்பது. இனி யாரும் உன்மேல் ஏற்றமாட்டார்கள், உட்கார் என்று சொல்வது. அப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில் என்று தோன்றியது. ஆனாலும் போனில் சொல்லவில்லை.

இந்தத் தாழ்த்தலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1940களிலும் 50களிலும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலும் இந்தப் பள்ளத்தாக்கிலும் மெக்சிக-அமெரிக்க இளைஞர்கள், பழைய செவர்லேக்களை வாங்கி டிக்கியில் மணல்மூட்டையையும் சிமெண்ட் மூட்டையையும் வைத்தார்கள். மூட்டை இடத்தை அடைத்ததும் ஸ்பிரிங்கை வெட்டினார்கள், சூடுகாட்டி அமுக்கினார்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் ஹாட் ராட் செய்து வேகமாகப் போனபோது இவர்கள் மெதுவாகப் போனார்கள். 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ' என்பது அவர்கள் சொல்: தாழ்வாக, மெல்ல மெல்ல. வாரம் முழுக்க அடுத்தவர் சொன்ன வேகத்தில் பழம் பறித்த குடும்பத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை மாலை தன் தெருவில் தன் வேகத்தில் போகிறான். இதற்கு மேல் அதற்கு விளக்கம் தேவை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கால உருண்டை வண்டிகளை இன்றும் 'பொம்பா' என்றுதான் அழைக்கிறார்கள். பெரியவரின் பிக்கப்பும் ஒரு பொம்பா.

அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தில் 24008 என்றொரு பிரிவு வந்தது: மாற்றியமைத்த வண்டியின் எந்தப் பகுதியும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக்கூடாது. போலீஸ் டேப்பை எடுத்துக்கொண்டு அளந்தது. சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிரே 1959இல் தன் கார்வெட்டில் விமானத்து ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி அதற்கு வழி கண்டார்: போலீஸ் வந்தால் வண்டி எழும், போனால் உட்காரும். பிறகு நகரம் நகரமாக, மெதுவாக ஊர்வலம் போவதே குற்றமானது. 1977இல் 'லோரைடர்' பத்திரிகை பிறந்த ஊர் இந்தச் சான் ஹொசேதான். இங்கேயும் தடைப்பலகைகள் இருந்தன. 2022இல் நகரமன்றம் தடையை நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க 24008ஆம் பிரிவும் போய்விட்டது, நகரங்களுக்கு ஊர்வலத்தைத் தடுக்கும் அதிகாரமும் போய்விட்டது. இளவயதில் கிங் ரோடும் ஸ்டோரி ரோடும் சந்திக்கும் இடத்தில் நிறுத்தப்பட்டு, முழங்காலிட்ட போலீஸ்காரர் டேப் வைத்து அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் பெரியவர்.

அவர் ஷெட்டில் நான் பார்த்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சட்டம் போய்விட்ட பிறகும் அவர் அந்தக் கோட்டை மீறவில்லை. ஒரு ரிம்மின் அடிவிளிம்பிலிருந்து எதிர்ப்பக்கத்து ரிம்மின் அடிவிளிம்புவரை நூல் கட்டினார். முன்னிருந்து பின்னுக்கும் கட்டினார், மூலைக்கு மூலையும் கட்டினார். கீழே படுத்துக்கொண்டு எந்த போல்ட், எந்தக் குழாய் நூலைத் தொடுகிறது என்று பார்த்தார். ஓடும்போது டயர் வெடித்துக் காற்று போனால் ரிம் தரையில் உட்காரும். அந்த நூலுக்குக் கீழே ஸ்டியரிங் கம்பியோ பிரேக் குழாயோ இருந்தால் அது தரையில் உரசக்கூடும். மெக்கானிக்குகளும் இந்தக் கோட்டை வைத்துத்தான் வேலைசெய்கிறார்கள். தன்னை அவமானப்படுத்தப் பயன்பட்ட அதே அளவை, தன்னோடு வண்டியில் ஏறும் பேத்திக்காக ஒருவர் நூல்கட்டிப் பார்க்கிறார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நான்கு மாதத்தில் பாதி அதற்குத்தான் போனது.

டயரைக் கடைசியில் வாங்கலாம் என்று நினைப்பவர் இரண்டு முறை வேலைசெய்வார். வண்டி எவ்வளவு இறங்கவேண்டும் என்பதையே டயரை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். விட்டம் இரண்டு அங்குலம் குறைந்த டயர் போட்டால் வண்டி ஒரு அங்குலம் இறங்கும். மேல்பாதி வண்டியைத் தாழ்த்துவதில்லையே. அந்த ஒரு அங்குலம் இலவசமாகக் கிடைப்பதுபோலத் தோன்றும். ஆனால் இந்த வண்டியின் பின்னச்சுப் பல்சக்கர விகிதம் 4.11. பழைய 28 அங்குல டயரில் 55 மைல் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்றுச் சுற்றும். 26 அங்குலமானால் 2,900ஐத் தாண்டும். பாபிட் உலோகம் ஊற்றிய பேரிங் வைத்த பழைய எஞ்சினுக்கு அந்த இருநூறு சுற்று பெரிய விஷயம். ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

கம்பெனி கொடுத்த டயர் 6.00-16. ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம், அவ்வளவுதான். இன்றைய அளவான 215/75ஆர்15 மூன்று சேதி சொல்கிறது: அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 161, ரிம் 15 அங்குலம். பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி, ரிம்மின் 381 மில்லிமீட்டரைக் கூட்டினால் 703. அங்குலத்தில் 27.7. பழைய டயருக்கு மிகப் பக்கம். காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டியபோது பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் மனம் முதலில் அதில் இல்லை. தன் அப்பா காலத்து முகம் வேண்டும் என்று, அகல வெள்ளைச் சுவர் வைத்த பழைய மாதிரி டயர் நான்கை ஒரு கடையில் வாங்கிவந்துவிட்டார். நம் ஊரில் நைலான் டயர் என்போமே, அந்த வகை. உள்ளே நூல்கள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். 1946இல் மிஷெலின் காப்புரிமை வாங்கிய அமைப்பு. அமெரிக்காவில் பரவ 1970கள் ஆயின. நைலான் டயரில் ஓட்டினால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு வரிப்பள்ளத்தின் பின்னாலும் வண்டி போகப்பார்க்கும். இரவெல்லாம் நின்றால் தரையைத் தொட்ட இடம் தட்டையாகி, காலையில் முதல் சில மைல் தட்தட்டென்று அடிக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு. விடிகாலை நாலு மணிக்கு அப்பாவின் லாரி தெருமுனை திரும்பும்வரை அந்தத் தட்தட் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் பெரியவரை நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கவேண்டும்.

அந்த டயர்களின் பட்டன் தேயவில்லை, கறுப்பு மின்னியது. துடைத்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்று கண்ணாடியை எடுத்துப் போட்டார். டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு எண்: 2306. 2006ஆம் வருடத்தின் இருபத்துமூன்றாவது வாரம். பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி விரித்தால் முடி கனத்தில் வெடிப்புகள், மழை காணாத ஏரித்தரைபோல. உட்கார்ந்த இடத்திலேயே ரப்பர் கிழடாகியிருக்கிறது. வெளியே ஓடாத வண்டிகளின் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகின்றன. பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த நாலு எண்ணைக் குனிந்து படிக்கவேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. நான்கும் ஷெட்டின் மூலைக்குப் போயின.

215/75ஆர்15தான் கடைசியில் வந்தது, மெல்லிய வெள்ளைக்கோடு வைத்து, ஐந்து. ஐந்தாவது ஸ்டெப்னி; முன்னுக்கொன்று பின்னுக்கொன்று என வேறுவேறு அளவு போட்டால் ஸ்டெப்னி எதற்கும் உதவாது. பழைய ரிவெட் அடித்த ரிம்மில் டியூப் இல்லாமல் காற்று நிற்காது என்பதால் 15 அங்குல ரிம்மும் புதிதாக வந்தது. பாரக் குறியீடு 100, அதாவது ஒரு டயருக்கு 800 கிலோ. கார் டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதை 1.1ஆல் வகுத்துக்கொள்ளவேண்டும் என்பது இங்குள்ள விதி. வகுத்தால் 727 கிலோ, 1,600 பவுண்டு. வெறும் வண்டியின் மொத்த எடையே ஏறத்தாழ 3,200 பவுண்டுதான். பின் டயர் இரண்டு மட்டுமே முழு வண்டியையும் தாங்கும்.

கடைசிச் சோதனை சாக்பீஸ். மட்கார்டின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்தார். பின்னால் என்னையும் பக்கத்து வீட்டுப் பையன்கள் நால்வரையும் ஏற்றினார். ஸ்டியரிங்கை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஒடித்து, வேகத்தடையில் ஏற்றி இறக்கி, தெருவை ஒரு சுற்று வந்தார். இறங்கி டயர்மேல் வெள்ளை இருக்கிறதா என்று நான்கையும் பார்த்தோம். இடது முன் டயரின் உள்தோளில் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. ஸ்டியரிங் ஒடியும் அளவைக் கட்டுப்படுத்தும் போல்ட்டை இரண்டு சுற்று வெளியே எடுத்தார். மறுபடி சாக்பீஸ், மறுபடி தெரு. மூன்றாவது தடவை டயர் சுத்தமாக வந்தது.

அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பைச் சொன்னேன், நூலைச் சொன்னேன், ஐந்து பேர் ஏறியும் உரசவில்லை என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காத்து எவ்வளவு வச்சிருக்காரு?"

"முப்பத்திரண்டுங்கப்பா."

"செரி." பிறகு, "கழட்டுன பட்டைய என்ன பண்ணுனாரு?"

"ஷெட்டுச் செவுத்துல ஆணியடிச்சு மாட்டி வச்சிருக்காருங்கப்பா."

"கிரீஸ் தடவி வச்சிருக்காரா? இல்லீனா துரு புடிச்சுப்போகும். நாளைக்கு ஒரு லோடு அடிக்கோணும்னா வேணுமில்ல?"

காலையில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போனேன். மூன்று பட்டைகளும் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் தொங்கின. விரலை வைத்துப் பார்த்தேன். தடவியிருந்தது.